ஷொட்டு யாருக்கு, குட்டு யாருக்கு: வடசென்னைக்கு ஒரு வட்டார விருது

கேள்வி இது: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம், வட்டாரத்தில் அழகாகப் பராமரிக்கப்படும் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் 'ஷொட்டு' என்று ஒரு விருதும், பாழாய்க் கிடக்கும் கட்டடங்களுக்குக் 'குட்டு' என்று ஒரு பட்டமும் கொடுக்க நினைக்கிறது. சங்கத்துக்குள் ஒரு சாரார் ஆர்வமாகவும் மறு சாரார் வம்பு வருமென்ற பயத்தோடும் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் செய்கிறார்களாமே, நம் பகுதிக்குச் சரிப்படுமா, எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நடத்துங்கள். வடசென்னைக்கு இப்படி ஒரு விருது எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் தொடங்கும் முன்பே ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஷொட்டு, ஒரு கட்டடத்தைத் தன் கையால் பேணுகிறவருக்குப் போக வேண்டும். குட்டு, அதன் சாவியையும் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பவருக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் இந்த இரண்டு பேரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் தெருவில் நின்று சுவரை மட்டும் பார்த்துப் பட்டம் கொடுத்தால், வாடகைக் குடித்தனக்காரர்களை ஊரறிய அவமானப்படுத்தியதில்தான் போய் முடியும். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன், ராயபுரத்துக்காரன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிநாட்டு வழக்கம். அயர்லாந்தில் 'டைடி டவுன்ஸ்' என்ற போட்டி 1958-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. நடுவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் வந்து சுற்றிப் பார்க்கிறார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வோர் ஊருக்கும், எது நன்றாக இருக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் ஓர் அறிக்கை கொடுக்கிறார்கள். அந்தப் போட்டியின் உயிர் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1976 முதல் நல்ல கட்டடத்துக்கு ஆர்க்கிட் மலரையும் மோசமானதற்கு வெங்காயத்தையும் பெயரளவில் பரிசாகக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 'பில்டிங் டிசைன்' என்ற பத்திரிகை 2006-இல் 'கார்பங்கிள் கோப்பை' என்று ஒன்றை ஆரம்பித்தது. அந்தந்த ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புதுக் கட்டடங்களில் ஆகக் கோரமானது எது என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலை. லண்டன் நேஷனல் கேலரிக்குத் திட்டமிடப்பட்ட ஒரு விரிவாக்கத்தை 1984-இல் இளவரசர் சார்லஸ், அன்புக்குரிய நண்பரின் முகத்தில் முளைத்த கட்டி என்று சாடியதிலிருந்து வந்த பெயர் அது.

வெங்காயமும் கட்டியும் நமக்கு உதவாது. பெரிய பணத்தைப் போட்டு மோசமாகக் கட்டியவரின் ரசனையைக் கண்டிக்கும் விருதுகள் அவை. நம் வட்டாரத்தில் புண்ணாக இருப்பது ரசனைக் கேடு அல்ல, கைவிடப்பட்ட நிலை. அதற்கு அயர்லாந்தின் இன்னொரு ஏற்பாட்டைப் பார்ப்பது நல்லது. அங்கே 1990-இல் பாழடைந்த மனைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்பு, பாழாய்க் கிடக்கும் மனைகளைப் பதிவேட்டில் ஏற்றி, சரிசெய்யாத உரிமையாளரிடம் ஆண்டுதோறும் தீர்வை வாங்கலாம். 2020 முதல் அந்தத் தீர்வை சந்தை மதிப்பில் 7 விழுக்காடு. வசூல் எப்படியோ, பாழுக்கு ஒரு பெயரும் ஒரு விலையும் வைத்துவிட்டார்கள். நம் மாநகராட்சியால், ஆபத்தான கட்டடம் என்று உறுதியானால், பழுதுபார்க்கவோ இடிக்கவோ சொல்லி நோட்டீஸ் கொடுக்க முடியும். ஆனால் ஆபத்து என்ற கட்டத்துக்கு வரும்வரை ஒரு கட்டடம் பத்து, இருபது ஆண்டுகள் மெல்ல மெல்லச் சாகிறது. அந்த நீண்ட காலத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் குட்டு அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

இனி அழகுக்கு வருவோம். பரிசு என்றதும் கிரானைட் ஒட்டிய முகப்பும் எஃகுக் கைப்பிடியும் புது பெயின்ட்டும் கண்ணில் படும். அதற்கு மயங்கினால், யாரிடம் காசு இருக்கிறது என்பதைத்தான் ஆண்டுதோறும் அறிவித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் பரிசு கொடுத்தால் எதற்குக் கொடுப்பேன் என்று சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீடு. வாசலில் இருந்து ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய நீளமான நடை, இரு பக்கமும் குடித்தனங்கள், கடைசியில் பொதுக் குழாயும் அடிபம்பும். நடையின் ஓரமாக ஓடும் கால்வாய்க்கு யாரோ கடப்பாக்கல் துண்டுகளைச் சேகரித்து மூடி போட்டிருக்கிறார்கள். இரண்டு கல்லுக்கு ஒரு கல்லில் விரல் நுழையும் ஓட்டை, தூக்கிச் சுத்தம் செய்ய வசதியாக. அடிபம்பின் கைப்பிடியில் துரு இல்லை. அதன் கீழே தண்ணீர் தேங்காதபடி சிமென்டில் ஒரு சின்ன வாட்டம். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம், ஆனால் எல்லா நிலைப்படியிலும் மஞ்சள் அப்போதுதான் பூசியதுபோல் இருக்கிறது. சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை: இந்த வாரம் நடை கழுவுவது யார், அடுத்த வாரம் யார். பலகையின் மூலையில் லாரித் தண்ணீர் வரும் நேரம். அந்த வீட்டின் சொந்தக்காரர் அங்கே இல்லை. வாடகை வாங்க மட்டும் வருவார். அந்தக் கட்டடம் நிற்பது உள்ளே இருக்கும் பெண்களின் கையால். உங்கள் முதல் விருது இதுபோன்ற ஒரு வீட்டுக்குப் போனால், உங்கள் சங்கம் எதை அழகு என்று நினைக்கிறது என்பது வட்டாரம் முழுவதற்கும் ஒரே நாளில் புரிந்துவிடும்.

விருதுப் பலகையில் குடித்தனக்காரர்களின் ஒப்புதலோடு அவர்கள் பெயரைப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்பு அவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். விருது கிடைத்த வீடு என்று பேர் பரவினால் சொந்தக்காரர் வாடகையை ஏற்றுவாரோ, போக்கியத் தொகையைக் கூட்டுவாரோ, காலிசெய்யச் சொல்வாரோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். நியாயமான பயம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இடத்தின் மேல் எல்லோருக்கும் கண். பில்டர்கள் வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள். குடித்தனக்காரர்கள் வேண்டாம் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பாராட்டை வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பழைய வீடு என்றால், அதன் உடம்பு எதனால் ஆனது என்று தெரிந்தவர் ஒருவராவது நடுவர் குழுவில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னும் நிற்கும் பழைய வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் கூர்நெட்டாக (விளிம்பில் நிறுத்தி), சாய்வாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடுகளைப் பதிப்பார்கள். உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்தால் கல்லும் காரையும் கோலம் போட்டதுபோல் தெரியும். அந்தச் சுவர்களும் கூரையும் மூச்சுவிடும். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசி, பளபளப்பான பெயின்ட்டையும் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும், உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப் போகும். ஆகையால், நேற்று சிமென்ட் பூசிப் புதிதாக்கிய பழைய வீட்டைவிட, பழுப்பேறிய சுண்ணாம்புச் சுவரோடு, திண்ணை விளிம்பு தேய்ந்து, ஆனால் மேல்தளத்தில் ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கும் வீடு மேலானது. தெரியாதவர் கண்ணுக்கு முதல் வீடுதான் பளிச்சென்று இருக்கும்.

பாழின் முதல் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். கைப்பிடிச் சுவரின் மூலையில் ஓர் அரசங்கன்று. காக்கை எச்சத்தோடு விதை விழுந்து, காரை இடுக்கில் முளைத்து, முதல் ஆண்டில் நான்கு இலை. அப்போது ஒரு பையன் ஏறிப் பிடுங்கினால் முடிந்தது. மூன்றாம் ஆண்டில் வேர் செங்கல் வரிசைகளுக்கு நடுவே புகுந்து சுவரை இரண்டாகப் பிளக்கத் தொடங்கும். அதன் பிறகு செடியை மட்டும் வெட்டினால் போதாது. அந்தப் பகுதிச் செங்கலை எடுத்து, வேரைத் துருவி அகற்றி, மறுபடி சுண்ணாம்புக் காரையில் கட்ட வேண்டும். வெட்டிவிட்டு மேலே சிமென்டை அப்பினால் அடுத்த மழையில் பக்கத்தில் துளிர்க்கும். ஒரு கட்டடத்தில் அரசங்கன்றின் உயரத்தைப் பார்த்தாலே, எத்தனை ஆண்டுகளாக அதன் மாடிக்கு யாரும் ஏறவில்லை என்று சொல்லிவிடலாம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்துக் கான்கிரீட் கட்டடங்களுக்கு வேறு நோய். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அது அழுக்கல்ல, உள்ளே கம்பி சாகிறது என்று அர்த்தம். எண்ணூர், மணலிப் பக்கத்தில் ஆலைப் புகையும் தூசியும் படியும் சுவரைப் பெரம்பூர் வீட்டுச் சுவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது அநியாயம். உங்கள் விருது பிற்பாடு மற்ற வட்டாரங்களுக்கும் பரவினால், திருவொற்றியூருக்குத் தனி, மணலிக்குத் தனி, ராயபுரத்துக்குத் தனி என்று மண்டலவாரியாகப் பிரித்துவிடுங்கள்.

இப்போது குட்டு. ஏன் பாழாய்க் கிடக்கிறது என்று கேட்காமல் ஒரு கட்டடத்துக்கும் பட்டம் கொடுக்காதீர்கள். நான் பார்த்தவரையில் காரணங்கள் சில வகைக்குள் அடங்கும். பெரியவர் உயில் எழுதாமல் இறந்துபோய், வாரிசுகள் பாகப்பிரிவினை வழக்கில் இருப்பார்கள். வழக்கு முடியும்வரை ஒருவரும் ஒரு செங்கல்லைத் தொட மாட்டார்கள், தொட்டால் மற்றவர் தடை வாங்குவார். இந்த வகைதான் ஏராளம். இன்னொரு வகை, பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மிச்சம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் சில நூறு ரூபாய் வாடகையில் தலைமுறையாக இருந்தவர்கள் உண்டு. இந்த வாடகைக்கு நான் ஏன் மராமத்து பார்க்க வேண்டும் என்று சொந்தக்காரர் விட்டுவிட்டார், சொந்தக்காரர் பார்க்கட்டும் என்று குடியிருந்தவரும் விட்டுவிட்டார். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது போன்றவை சொந்தக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது, கால்வாய் சுத்தம் செய்வது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்று, வேறு உடன்பாடு இல்லாதவரை, பிரித்தே வைத்திருக்கிறது. உங்கள் நடுவர்களுக்கு இந்தப் பிரிவு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். சுவர் இடிந்ததற்குக் குடித்தனக்காரரைக் குட்டக் கூடாது.

மூன்றாவது வகை, வேண்டுமென்றே விடுவது. வீடு இடிந்து விழட்டும், ஆட்கள் தாமாகப் போகட்டும், மனையை விற்றுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள். மாடித் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு வேடிக்கை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். இவர்களுக்குக் கொடுக்கும் குட்டைப் பற்றி எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

நான்காவது வகைதான் வடசென்னையில் முக்கியமானது: பொதுச் சொத்து. அரசுத் துறைகள், வாரியங்கள், அறக்கட்டளைகள், மூடிய ஆலைகள். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு, இடிந்து விழுந்தது நினைவிருக்கும். விரிசலைக் கவனித்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கட்டடத்தின் நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் அதில் குடியிருந்தவர்கள். இதை உங்கள் சங்கத்தில் தயங்குகிறவர்களிடம் சொல்லுங்கள். ஊர்மக்கள் கட்டடங்களைப் பார்த்து, குறித்து, உரக்கச் சொல்வது வம்பு அல்ல; உயிர் காக்கும் காரியம்.

குட்டில் முதல் மூன்று ஆண்டுகளாவது பொதுச் சொத்துகளையும் பெரிய நிறுவனங்களின் சொத்துகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. அவர்களிடம் பொறியாளர் இருக்கிறார், நிதித் தலைப்பு இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. வழக்கில் மாட்டிய ஒரு குடும்பத்திடம் இவை எதுவும் இல்லை. தனியார் வீடுகளுக்குப் பட்டத்துக்குப் பதிலாக ஒரு கடிதமும், வேண்டுமென்றால் ஒரு கொத்தனாரின் ஆலோசனையும் போதும். குடிசைகள், நடைபாதையில் தலைமுறையாக வாழும் குடும்பங்களின் இடங்கள் ஆகியவற்றின் பக்கம் உங்கள் கேமரா திரும்பவே கூடாது. நகரை அழகாக்குகிறோம் என்ற பேரில் ஏழைகளை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் ஏற்றி அனுப்பியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். நீங்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த ஒரு படம் நாளை ஒரு வெளியேற்றக் கோப்பில் இணைப்பாகப் போய் உட்காரலாம். இதை விதியாகவே எழுதி வையுங்கள்.

சட்டப் பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். ஆகவே ஆளைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். கட்டடத்தைப் பற்றி மட்டும், கண்ணால் பார்த்ததை மட்டும், தேதி போட்டு எழுதுங்கள். 'மேற்குச் சுவரில் தளம் முதல் ஜன்னல் வரை விரிசல், மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறது, படிக்கட்டு பூட்டப்பட்டிருக்கிறது' என்பது பாதுகாப்பான வாக்கியம். 'அக்கறையற்ற உரிமையாளர்' என்பது வக்கீல் நோட்டீஸுக்கு வழி. படத்தைப் பொதுத் தெருவில் நின்று எடுங்கள். உள்ளே போனால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பட்டம் அறிவிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் குறிப்பு அனுப்பி, பதில் கேளுங்கள். அதற்குள் வேலை தொடங்கிவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பட்டமும் கொடுக்க இடமில்லாமல் போகும் ஆண்டு வந்தால், உங்கள் விருதின் மிகச் சிறந்த ஆண்டு அதுதான்.

உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பாதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பேரில் இருக்கிறது என்று தெரியும். பொதுச் சொத்து என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு: எந்தத் துறைக்குச் சொந்தம், கடைசியாக மராமத்து எப்போது, உறுதித்தன்மை ஆய்வு செய்யப்பட்டதா. இந்த மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். நீளமான மனுவுக்கு மழுப்பலான பதில்தான் வரும்.

கைவிட்ட கட்டடம் திரும்ப எழாது என்று சொல்கிறவர்களை ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் தலையெடுத்தபின் அது மெல்ல மறக்கப்பட்டு, தூண்கள் மட்டும் கம்பீரமாகவும் மற்றதெல்லாம் சிதிலமாகவும் கிடந்தது. இது எவ்வளவு பெரிய பொக்கிஷம் என்று பலரும் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார்கள். 2005-இல் ரயில்வே அதைப் புதுப்பித்துத் திறந்தது. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் தெருக்கோடியில் இருக்கிறது. மறுபக்கம், 1996-இல் மூடிய பின்னி நெசவாலை. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் பிறக்கக் காரணமான தொழிலாளர்கள் வேலை செய்த இடம் அது. அந்தப் பரந்த வளாகத்தின் பெரும்பகுதியில் இன்று அடுக்குமாடிகள். நிலையத்துக்காகக் குரல் கொடுத்தவர்களைப் போல ஆலையின் கட்டடங்களுக்காகவும் உரிய காலத்தில் போதிய பேர் பேசியிருந்தால், ஒரு நெசவுக் கூடமாவது அருங்காட்சியகமாக மிஞ்சியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அரசுப் பட்டியல்களை நம்பி இருந்துவிடாதீர்கள். உயர்நீதிமன்றம் நியமித்த நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் நானூறுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. 2010-இல் நீதிமன்றம் அவற்றைக் காக்கத் தனிக் குழு அமைக்கவும் வழிகாட்டியது. மிகப் பெரிய உதவி அது. ஆனால் ஒரு திண்ணை வீட்டுக்கும், காலடிப்பேட்டையில் பழைய நெசவாளர் தெருவின் தாழ்வாரத்துக்கும், பெரம்பூரில் ரயில்வேக்காரர்கள் வாழ்ந்த மரச்சட்ட வராந்தா வீட்டுக்கும் அப்படிப்பட்ட பட்டியல்களில் இடம் கிடைப்பது அபூர்வம். அந்தச் சின்னக் கட்டடங்களின் பட்டியலை நீங்கள்தான் போட வேண்டும். விருதுக்கு வரும் பரிந்துரைகளையெல்லாம் பத்திரப்படுத்தினாலே ஐந்தாறு ஆண்டுகளில் அது தானாகச் சேர்ந்துவிடும்.

நடத்தும் முறை. பொங்கல் முடிந்த கையோடு பார்வையிடப் போகாதீர்கள். போகிக்கு முன் எல்லோரும் வெள்ளையடித்திருப்பார்கள், எல்லாச் சுவரும் நன்றாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் நவம்பர், டிசம்பரில் போங்கள். கூரை ஒழுகுகிறதா, நடையில் தண்ணீர் நிற்கிறதா, மழைநீர் சேகரிப்புத் தொட்டி வேலை செய்கிறதா என்பதெல்லாம் அப்போது மறைக்க முடியாது. நடுவர்களாக ஒரு பொறியாளர், ஒரு கொத்தனார், குடித்தனமாக இருக்கும் ஒரு பெண், கல்லூரி மாணவர் ஒருவர் என்று நான்கைந்து பேர் போதும். கட்சிக்காரர்களையும் பில்டர்களையும் பெயின்ட் கடைக்காரர்களையும் நடுவராக வைக்க வேண்டாம்; நன்கொடை கொடுத்தாலும் வேண்டாம். கவுன்சிலரைப் பரிசளிப்புக்குக் கூப்பிடலாம், தேர்வுக்குக் கூடாது.

எதற்கெல்லாம் ஷொட்டு என்றால், வீடு, ஸ்டோர் வீடு, வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், கடை, பள்ளிக்கூடம், வழிபாட்டிடம். வகைகளை இதற்கு மேல் பெருக்கினால் கலந்துகொண்டவர்களுக்கெல்லாம் பரிசு என்றாகிவிடும். வாரியக் குடியிருப்புக்குத் தனி வகை கட்டாயம் வேண்டும். மாடிப்படியில் எரியும் விளக்கு, மூடியோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டி, படி வளைவில் குப்பை சேராமல் யாரோ வைத்த மணிபிளான்ட் வாளி: இவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கத் தெரிந்த நடுவர்தான் நமக்கு வேண்டும்.

பரிசு பணமாக வேண்டாம். நல்ல எனாமல் தகடு ஒன்று, நம் வட்டாரத்துப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் கையால் எழுதியது. அதோடு ஒரு மூட்டை நீற்றிய சுண்ணாம்பு, அல்லது ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலை. வீட்டைக் கட்டியவர், பழுதுபார்த்தவர், கதவைச் செய்த ஆசாரி இவர்களில் யார் உயிரோடு இருந்தாலும் மேடையில் ஏற்றி மாலை போடுங்கள். மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கைகள் வடசென்னையில் மிகக் குறைந்துவிட்டன. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிவது, பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரிய உதவி.

விழாவை ஆகஸ்டில், சென்னை தினமான 22-ஆம் தேதியை ஒட்டி வையுங்கள். அந்த வாரம் முழுக்கப் பேச்சும் நடைப்பயணமும் பெரும்பாலும் மயிலாப்பூரையும் கோட்டையையும் சுற்றியே நடக்கின்றன. நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் மீன்பிடித் துறைமுகத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விருது பெற்ற வீடுகளை இணைத்து ஒரு காலை நடை ஏற்பாடு செய்தால் நம் பிள்ளைகளே தங்கள் தெருவைப் புதிதாகப் பார்ப்பார்கள்.

குட்டுக் கொடுத்த கட்டடத்தை விழாவோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சங்கத்தில் இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு படம். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார், அதன் பதிவு எண், வார்டு அலுவலகத்துக்குக் கடிதம், பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். அதிகாரி மாறினாலும் நோட்டு மாறாது. வேலை நடந்து முடிந்தால், குட்டு வாங்கிய அதே அலுவலகத்துக்கு அடுத்த ஆண்டு ஷொட்டுக் கொடுங்கள். அதைப் பெரிதாகவே கொடுங்கள். திட்டு வாங்கிய இடத்தில் பாராட்டும் கிடைக்கும் என்று தெரிந்தால், அடுத்த கட்டடத்தின் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

முதல் ஆண்டுக்கு ஷொட்டு ஐந்து, குட்டு ஒன்றே ஒன்று போதும். அந்த ஒன்று எதுவாக இருக்கலாம் என்று யோசிக்கும்போது, பெயரை வெளியே சொல்லும் முன் கட்டடத்தின் நான்கு பக்கப் படங்களையும் மாடிப் படத்தையும் எடுத்து வையுங்கள். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். எனக்கு அனுப்பினால், அது பூச்சு விரிசலா, சுவர் விரிசலா, பழுதுபார்க்க என்ன தேவைப்படும் என்று எழுதித் தருகிறேன். உரிமையாளருக்குப் போகும் முதல் கடிதத்தோடு அதையும் இணைத்துவிடலாம்.